எங்கள் மாடன் பிறந்த வீடு

ராட்சசதாலில் யாரும் குளிப்பதில்லை. யாரும் குடிப்பதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட ஊருக்கு எடுத்துப் போவதில்லை. கையை நனைத்துவிடாதீர்கள் என்று வழிகாட்டிப் பையன் வண்டி நிற்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். நேபாளத்தின் ஹில்சாவைத் தாண்டி, திபெத்தில் தக்லகோட் என்கிற புராங்கில் தங்கி, குர்லா கணவாயை ஏறி இறங்குகிறவர்களுக்குக் கயிலையின் முதல் தரிசனம் இந்த ஏரிக்கு மேலேதான் கிடைக்கிறது. மானசரோவர் அதற்குப் பிறகு. புண்ணியத்துக்கு முன்னால் சாபத்தைப் பார்த்தாக வேண்டும். யார் போட்ட ஒழுங்கோ இது!

இறங்கினேன். காற்று முகத்தில் அறைந்தது. ஒரு மரம் இல்லை, ஒரு குடிசை இல்லை. சுமார் 250 சதுர கிலோமீட்டருக்குப் பிறைபோல் வளைந்து கிடக்கும் தண்ணீர். தெற்கே 7,694 மீட்டர் உயர குர்லா மாந்தாதா பனிமூடி நிற்கிறது. வடக்கே, தண்ணீரின் அந்தக் கோடியில், தனியாக, வேறெந்த மலையோடும் சேராமல், அவன்.

நெஞ்சு நின்று போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அழுகிறேன் என்பதே தெரியவில்லை. கண்ணீர் கன்னத்தில் குளிர்ந்து குத்திய பிறகுதான் தெரிந்தது. அண்ணன் பின்னாலிருந்து கத்தினார்: "ஏட்டி, கிட்டத்துல போகாதட்டி! அது பேய் ஏரியாம்!"

பேய் ஏரிதான். ராவணன் தவம் கிடந்த கரை. தன் தலையை ஒவ்வொன்றாக அறுத்துச் சிவனுக்கு வைத்த இடம் என்கிறார்கள். நஞ்சு கலந்த தண்ணீர் என்றும் வழிகாட்டி சொன்னான். உண்மையில் இது கொஞ்சம் உவர்நீர் ஏரி, அவ்வளவுதான். ஆனால் நஞ்சு என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குள் ஏதோ உடைந்தது. நஞ்சை எங்கே வைப்பான் அவன்? கீழே கொட்டுவானா, அடுத்தவர் தலையில் ஊற்றுவானா? கழுத்தில் அல்லவா வைத்திருக்கிறான்! மலை அவனென்றால் அவனுக்குக் கீழே கறுநீலமாகக் கிடக்கும் இது அவன் கண்டம். யாரும் தொடாத தண்ணீரை அவன் மட்டும் அணிந்துகொண்டிருக்கிறான். "நீலகண்டா! நீலகண்டா!" என்று கத்தினேன். காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மறுபடியும் கத்தினேன்.

என்னோடு வந்தவர்கள் பலருக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்கள். அவர்கள் கும்பிடும் சாமி வேறு, வீட்டுக் கதைகள் வேறு. நான் திருநெல்வேலிச் சீமையில் சுடலைமாடனைக் குலசாமியாகக் கும்பிடும் குடும்பத்தில் பிறந்தவள். எங்களுக்குச் சாமியே சுடுகாட்டில் இருந்துதான் வருகிறது.

மாடனின் கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லுப்பாட்டில் இதை விடிய விடியப் பாடுவார்கள். நான் கேட்டது ஆச்சி வாயால். பிள்ளை வேண்டுமென்று பார்வதி தவித்தாள். கயிலாயத்து மண்டபத்தில் எரிந்த விளக்கின் சுடர் தெறித்து அவள் முந்தானையில் விழுந்தது. விழுந்தது வடிவமில்லாத சதைப்பிண்டமாக ஆனது. சிவன் அதற்கு உயிர் கொடுத்தார். தொட்டிலில் போட்டுத் தாலாட்டினாள் தாய். பிள்ளைக்குப் பசி, நடுச்சாமத்துப் பசி. மயானத்தில் பிணம் எரியும் வாசம் வந்தது. தொட்டிலை விட்டு இறங்கிப் போய்ப் பிணத்தைத் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் வந்து படுத்துக்கொண்டது. காலையில் பிள்ளையை அள்ளி முத்தமிட்ட தாய்க்குப் பிணவாடை. பிணம் தின்ற பிள்ளையைக் கயிலாயத்தில் வைத்திருக்க முடியாது என்றாயிற்று. வரம் கொடுத்தார்கள், அதிகாரம் கொடுத்தார்கள், பூலோகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அப்படி இறங்கி வந்தவன்தான் ஊர் ஊராகப் பீடம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மலையாளத்து மந்திரவாதியின் செருக்கை அடக்கியதும் அவன்தான்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்கும்போது எனக்கு ஒரே கேள்வி. "கயிலாயத்துல ஏது ஆச்சி சுடுகாடு? அங்க யாரு செத்தா?" ஆச்சியிடம் பதில் இருந்ததில்லை. "கதையில கேள்வி கேக்காதட்டி" என்பாள்.

இருக்கிறது ஆச்சி. இங்கே சுடுகாடு இருக்கிறது. நான் பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஏரிப் பிரதேசம் ஒரு காலத்தில் ஷாங்ஷுங் என்ற ராஜ்யமாக இருந்தது. பௌத்தம் இங்கே வருவதற்கு முந்தைய பழைய கதை அது. ராட்சசதாலுக்கு மேற்கே சட்லெஜ் நதிப் பள்ளத்தாக்கில் கியுங்லுங் என்ற இடத்தில் அதன் தலைநகரைக் காட்டுகிறார்கள். பொன் என்பது அவர்களுடைய சமயம். அதன் பூசாரிகள் செத்தவர்களோடு பேசத் தெரிந்தவர்கள், வழிதெரியாமல் அலையும் உயிரை வழிப்படுத்தத் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தார்கள். திபெத்தின் ஆதி அரசர்களில் உடலை விட்டுவிட்டு இறந்த முதல் அரசர் திரிகும் சென்போ என்றும், அவருக்கு ஈமக்கிரியை செய்யத் தெரிந்தவர் உள்ளூரில் இல்லாததால் வெளியிலிருந்து பொன் பூசாரிகளை அழைத்தார்கள் என்றும் மரபு சொல்கிறது. ராஜாவுக்கும் மேலே ஒரு கை இருந்தது, அது பிணத்தைத் தொடத் துணிந்த கை. 7-ஆம் நூற்றாண்டில் சொங்சென் காம்போ ஷாங்ஷுங்கை வென்றார். ராஜ்யம் போயிற்று. ஆனால் பொன் சமயத்தார் இன்றும் கயிலையை வலம் வருகிறார்கள், நமக்கு எதிர்த்திசையில்! நாம் வலமாகப் போகும்போது அவர்கள் இடமாக வந்து எதிரே சிரிப்பார்கள். ஒரே மலைக்கு இரண்டு திசையிலும் பக்தி.

பிணத்தை எழுப்பும் மந்திரவாதிகளைப் பற்றியும் திபெத்தில் கதை உண்டு. எழுந்த பிணத்தை ரோலாங் என்கிறார்கள். அது குனியாதாம், மரம்போல விறைத்தே நடக்குமாம். அதனால்தான் பழைய வீடுகளின் வாசல்நிலையைத் தாழ்வாக வைத்திருப்பார்கள் என்று புராங்கில் சொன்னார்கள். நான் தங்கிய வீட்டின் வாசலில் இரண்டு முறை தலை இடித்துக்கொண்டு, குனியத் தெரிந்ததற்காகச் சந்தோஷப்பட்டேன்.

இந்த மந்திரவாதக் கூட்டத்தில் எனக்கு மனம் போன ஆள் மிலரேபா. 11-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். தகப்பன் இறந்ததும் சித்தப்பனும் அத்தையும் சொத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். பழிவாங்க வேண்டும் என்று தாயே மகனைச் சூனியம் படிக்க அனுப்பினாள். படித்தான். கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்த வீட்டை மந்திரத்தால் சரித்து 35 பேரைக் கொன்றான் என்று அவருடைய சரித்திரம் ஒளிக்காமல் சொல்கிறது. பயிரின்மேல் ஆலங்கட்டி மழையைக் கொட்டவைத்தான். பிறகு தன் கையைப் பார்த்துத் தானே நடுங்கி, மார்ப்பா என்ற குருவின் காலில் போய் விழுந்தான். குரு சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. கோபுரம் கட்டச் சொன்னார், கட்டியதை இடிக்கச் சொன்னார், மறுபடியும் கட்டச் சொன்னார். முதுகு புண்ணாகிய பிறகுதான் உபதேசம். அந்த மிலரேபாதான் பிற்பாடு மானசரோவர் கரையில் நாரோ பொன்சுங் என்ற பொன் மந்திரவாதியோடு வித்தைப் போட்டி போட்டார். விடியலில் யார் கயிலைச் சிகரத்தை முதலில் தொடுகிறாரோ அவருக்கே மலை என்று பந்தயம். நாரோ தன் பறையின்மேல் ஏறிப் பறந்தான். மிலரேபா படுத்திருந்தார். சூரியன் எழுந்ததும் முதல் கதிரைப் பிடித்து ஒரே கணத்தில் உச்சியில் போய் நின்றார். நாரோவிடமிருந்து நழுவிய பறை உருண்டு விழுந்த தடம்தானாம் கயிலையின் தென்முகத்தில் படிப்படியாக இறங்கும் அந்தக் கோடு. நம்மவர்கள் அதே கோட்டைப் பார்த்து ராவணன் மலையைத் தூக்கியபோது பட்ட தழும்பு என்கிறார்கள்.

ராவணன் பெயர் வந்தால் எனக்குச் சம்பந்தரை நினைக்காமல் இருக்க முடியாது. பதிகத்துக்குப் பதிகம் எட்டாம் பாட்டில் அவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மலையைத் தூக்கினான், விரலால் நசுக்கப்பட்டான், அலறினான், பாடினான், அருள் பெற்றான். திமிரையும் சொல்லி உடனே அருளையும் சொல்கிறார். அந்த எட்டாம் பாட்டின் தண்ணீர் இது. சாபம் என்று யார் சொன்னது?

திபெத்தியர்கள் ஒரு கதை சொல்கிறார்கள், அதைக் கேட்டு நான் ஆடிப்போனேன். ஒரு காலத்தில் ராட்சசதாலைத் தொட யாருக்கும் துணிவில்லை, பூதங்கள் குடியிருந்தன. மானசரோவரில் இருந்த இரண்டு பொன்மீன்கள் சண்டை போட்டு, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ராட்சசதாலுக்குள் பாய்ந்தன. அவை போன தடம் ஓடையாயிற்று. அந்த ஓடை வழியாக மானசரோவரின் தண்ணீர் இறங்கி, நஞ்சு ஏரியைத் தூய்மையாக்கிவிட்டது. கங்கா சூ என்ற அந்த ஓடை இன்றும் இருக்கிறது. சியூ மடத்துக்குக் கீழே பார்க்கலாம். மானசரோவர் சுமார் 4,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராட்சசதால் அதைவிட ஏறக்குறைய 15 மீட்டர் தாழ்வு. சில ஆண்டுகளில் ஓடை ஓடும், சில ஆண்டுகளில் வறண்டு கிடக்கும். ஓடினால் நல்ல சகுனம் என்று கும்பிடுகிறார்கள். புவியியல்படி உயரத்திலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் போகிறது. அருள் மட்டும் வேறெப்படிப் போகுமாம்?

இன்னொன்றும் உண்டு. ராட்சசதாலுக்குள் தீவுகள் இருக்கின்றன. மானசரோவர் கரையில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து ஆராய்ந்த சுவாமி பிரணவானந்தர் 1930-களில் உறைந்த பனியின்மேல் நடந்து அந்தத் தீவுகளுக்குப் போனார். அங்கே காட்டு வாத்துகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன என்று எழுதினார். இந்தத் திபெத்திய ஏரிப் பக்கங்களில் இனப்பெருக்கம் செய்யும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிற பறவை. எங்கள் பக்கத்துக் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வந்து இறங்குவதும் அதே இனம். அங்கே சனங்கள் பட்டாசுகூட வெடிக்காமல் அவற்றைத் தாங்குவார்கள். மனிதன் தொட அஞ்சும் தண்ணீரில் தாய்ப்பறவை அடைகாக்கிறது. இந்த ஏரியைச் சபித்தவர் யாராக இருந்தாலும் அந்த வாத்துக்கு அவர் சொல்லவில்லை.

மானசரோவரைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இனித்தது, குளிர்ந்தது, கும்பிட்டேன். நாங்கள் போனபோது ஏரிக்குள் இறங்கவிடவில்லை, வாளியில் மொண்டு கரையில் ஊற்றிக்கொண்டோம். அப்பர் பெருமானை நினைத்துக்கொண்டேன். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து கயிலை நோக்கிப் போனவரை ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழவைத்தவன் அவன். நாங்கள் மூழ்கவும் இல்லை, திருவையாற்றில் எழவும் இல்லை. பற்கள் மட்டும் தந்தியடித்தன.

கயிலையைச் சுற்றும் பரிக்கிரமம் சுமார் 52 கிலோமீட்டர். தார்ச்சனில் தொடங்கினோம். தர்போச்சே கொடிமரத்துக்கு மேலே 84 மகாசித்தர்களின் பெயரால் ஒரு மயானம் இருக்கிறது. நமக்குச் சித்தர் பதினெட்டுப் பேர், அவர்களுக்கு எண்பத்து நான்கு. இரண்டு கூட்டத்துக்கும் சுடுகாடு சொந்த வீடு. அன்று இரவு திராபுக்கில் வடமுகத்தைப் பார்த்தபடி படுத்தோம். நிலவில் அந்த முகம் இருந்த இருப்பை நான் எழுதப்போவதில்லை. கை நடுங்குகிறது.

விடிந்ததும் ஏற்றம். காற்று பாதியாகிவிடுகிற உயரம். பத்து அடிக்கு ஒரு முறை நின்றேன். அப்போதுதான் அந்த இடம் வந்தது. பாறைகளுக்கு நடுவே ஒரு சரிவு முழுவதும் துணிகள். கந்தல் சட்டைகள், பிள்ளைகளின் காலுறைகள், பின்னலோடு அறுத்த தலைமுடி, பல், வளையல். குவிந்து குவிந்து கிடந்தன. சிவாத்சல் என்றாள் சுமை தூக்கி வந்த திபெத்தியப் பெண். மயானம்.

இந்தியாவின் எட்டுப் பெரிய மயானங்களில் ஒன்றின் பெயரை இந்த இடத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். வஜ்ரயோகினியின் இடம். இங்கே வருகிறவர்கள் செத்துப்போகிறார்கள். அதாவது, படுத்துக்கொள்கிறார்கள். உடலின் ஒரு துளியை விட்டுவிடுகிறார்கள். ஒரு சட்டை, ஒரு முடி, விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம். பிணமாகக் கிடந்துவிட்டு எழுந்து, மேலே கணவாயைக் கடந்தால் புதுப்பிறவி. செத்துப்போன உறவினரின் துணியைக் கொண்டுவந்து போடுகிறவர்களும் உண்டு. சோட் என்று ஒரு சாதனை இருக்கிறது. மச்சிக் லப்திரோன் என்ற பெண் சித்தர் திபெத்துக்குக் கொடுத்தது. மனிதத் தொடையெலும்பில் செய்த குழலை ஊதி, மயானத்தில் தனியே உட்கார்ந்து, பேய்களையெல்லாம் பந்திக்கு அழைத்து, தன் உடலையே மனத்தில் அறுத்துப் பரிமாறுவது. உண்ணுங்கள், என்னிடம் இருப்பது இதுதான் என்று.

ஒரு கிழவர் ஊசியால் விரலைக் குத்திப் பாறையில் தேய்த்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் கோவில் கொடையில் கணியான் மகுடம் அடித்தாடி, கையைக் கீறி மாடனுக்கு ரத்தம் கொடுப்பார். அதே ரத்தம். அதே கை. நடுச்சாமத்தில் சாமியாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். பொம்பளைகள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று எங்களைக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்துவிடுவார்கள். ஊரில் நான் ஒரு நாளும் மயானத்துக்குள் கால் வைத்ததில்லை. அப்பா போனபோதும் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். இங்கே 5,000 மீட்டருக்கு மேலே, யாரும் தடுக்கவில்லை.

தொட்டிலை விட்டு இறங்கிய பிள்ளை வந்தது இங்கேதான்! ஆச்சி, நீ பதில் சொல்லாமல் போன கேள்விக்குப் பதில் இங்கே பரந்து கிடக்கிறது! கயிலாயத்தில் சுடுகாடு உண்டு, அது அவன் வீட்டுக் கொல்லை. அப்பன் சுடலையில் ஆடுகிறவன், பிள்ளை வேறெங்கே போகும்?

படுத்துவிட்டேன். யாருடையதோ பழைய சட்டைகளுக்கு மேலே, மல்லாந்து. அண்ணன் பதறினார். "எந்திட்டி, மூச்சு முட்டுதா?" முட்டவில்லை அண்ணே. மூச்சே தேவைப்படவில்லை. காரைக்கால் அம்மையை நினைத்தேன். அழகான உடம்பை வேண்டாமென்று உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கியவள். கால் படக்கூடாதென்று இந்த மலைக்குத் தலையால் நடந்து வந்தவள். உமை திகைத்து யாரென்று கேட்க, இவள் நம்மைப் பேணும் அம்மை என்று சொன்னானே அவன்! தாயில்லாதவன் ஒரு பேயைப் பார்த்து அம்மையே என்றான் என்று சேக்கிழார் எழுதியதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் சும்மா. அந்தத் துணிக்குவியலில் முதுகு பட்டபோதுதான் அது எனக்குள் நடந்தது. எலும்பும் தோலுமாக அவள் என் பக்கத்தில் கிடக்கிறாள். ராவணன் கிடக்கிறான், ஒன்பது தலை போய். முப்பத்தைந்து பேரைக் கொன்ற மிலரேபா முதுகுப் புண்ணோடு கிடக்கிறார். அப்பா கிடக்கிறார். எல்லோர் மேலும் அவன் ஆடுகிறான், ஆடுகிறான், பாதம் என் விலாவில் படுகிறது, வலிக்கிறது, வலிக்கட்டும், எடுத்துவிடாதே!

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுமைகாரப் பெண் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவள் முகத்தில் வியப்பெல்லாம் இல்லை. தினமும் பிணங்களை எழுப்பிவிடுகிற பழக்கம்போலும். கழுத்தில் சுற்றியிருந்த ஆச்சியின் பழைய சுங்குடிச் சேலைத் துண்டை அவிழ்த்து அங்கேயே போட்டேன். ஒரு முடியைப் பிடுங்கி அதன்மேல் வைத்தேன். ரத்தம் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை, குதிகால் வெடிப்பிலிருந்து வந்ததை அவனே எடுத்துக்கொண்டிருப்பான்.

அதற்கு மேலே பாவம் சோதிக்கும் பாறை இடுக்கு, வழுக்கும் பனி, குதிரைச் சாணம், ஆக்சிஜன் உருளை தூக்கியவர்களின் கூச்சல். 5,600 மீட்டரைத் தாண்டிய தோல்மா கணவாயில் கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. ஏறி முடித்த திபெத்தியர்கள் தெய்வங்களுக்கே வெற்றி என்று உரக்கக் கூவினார்கள். நம்மவர்கள் நமச்சிவாய என்றார்கள். கீழே பச்சைக் கல்லாகத் தெரிந்தது கௌரி குண்டம். பார்வதியின் குளம்.

பிள்ளையை அனுப்பிவிட்டுத் தனியே உட்கார்ந்திருக்கும் தாயின் வீட்டு வாசலுக்கு, பிள்ளை குடியேறிய ஊரிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள். சேதி சொல்லாமல் போவாளா? அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார், அந்தப் பள்ளத்தைப் பார்த்துக் கத்திச் சொன்னேன்: "தாயே! உம் பிள்ளை சொகமா இருக்கான்! சித்திரையில கொடை குடுத்தோம். கிடா வெட்டுனோம், சுருட்டு வச்சோம், சேவல் குடுத்தோம். பீடத்துக்குப் புதுசா வெள்ளையடிச்சிருக்கு. ராத்திரி ஊரைச் சுத்தி வர்றான், ஒரு களவு கிடையாது. பொணவாடை எங்களுக்குப் பழகிப்போச்சு, நீ விசாரப்படாத. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ!"

சொல்லி முடித்ததும் நாக்கு தானாகப் புரண்டு குலவை கிளம்பியது. மூச்சுப் போதாமல் இரண்டு முறை அறுந்தது. பக்கத்தில் நின்ற திபெத்தியக் கிழவிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள், வரவில்லை. இன்னொரு முறை செய்யச் சொல்லிச் சைகை காட்டினாள். செய்தேன்.